சிறுத்தொண்டர் புராணமும் சிவகாமியின் சபதமும்

கல்கி என்னும் புனைபெயரால் தமிழுலகம் அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தியார், அப்பெயரே பூண்ட வார இதழில் 1944 முதல் 1946 வரை எழுதிவந்த 'சிவகாமியின் சபதம்' என்னும் சரித்திரக் கதை, இளைஞன் ஒருவன் காஞ்சி மாநகரை நோக்கி வழிநடக்கும் காட்சியோடு தொடங்குகின்றது. நாவுக்கரசர் திருமடத்திற் கல்வி பயில வந்த அவன், வந்த அன்றே மதயானைமேல் வேலெறிந்து சிறைப்படுகின்றான். பின்னர்ச் சிறையினின்றும் தப்பி, ஓலை தாங்கி வடதிசை சென்று, பகைவர் கையில் அகப்பட்டு மீண்டு, பல்லவ சேனைக்குத் தலைவனாகின்றான். அவனே பரஞ்சோதி, நம் சிறுத்தொண்ட நாயனார்.

வீரச்சுவையை இத்துணை விறுவிறுப்பாகத் தொடுத்த உரைநடை தமிழிற் சிலவே. பெரியபுராணத்தைக் கையாற் றொட்டறியாதாரும் பரஞ்சோதி என்னும் பெயரை நாவிற் பயிலச் செய்தது இக்கதை. அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயினும், கதையிற் கண்ட பரஞ்சோதியையே சேக்கிழார் கண்ட பரஞ்சோதியார் என்று கொள்ளுதல் தகுமோ என்பது ஆராயத்தக்கது.

புராணத்தில் நாயனார் மாமாத்திரர் குலத்துதித்தவர். ஆயுள்வேதமும் வடநூற்கலையும் படைத்தொழிலும் யானை குதிரை ஊர்தலும் ஒருங்கே பயின்றவர். கல்வி முற்றிய பின்னரே அவர் போர்க்களம் புகுகின்றார். வாதாவி நகரைத் துகளாக்கிய செய்தியை ஆசிரியர் மிகச் சுருங்கக் கூறி அப்பாற் செல்கின்றார். ஏவிய அரசன் பெயரும் இல்லை. தோற்ற மன்னன் பெயரும் இல்லை. முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை மணிமங்கலம் முதலிய இடங்களில் வென்றதனைக் கூரம் செப்பேட்டாலும், வாதாபி கொண்டதனை அந்நகர்ப் பாறையில் அவன் பொறித்த கல்வெட்டாலும் அறிகின்றோம். அப்போர் 642-ஆம் ஆண்டினதென்பர். திருஞானசம்பந்தர் தம் பதிகத்துட் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடியிருத்தலின், பிள்ளையார் காலத்தை ஏழாம் நூற்றாண்டென வரையறுத்தற்கும் இச்செய்தியே பெருந்துணையாயிற்று.

இனிக் கதையில் வாதாபி எரிவது எதன்பொருட்டு? சிறைகொண்டு போகப்பட்ட ஆடல்மகள் ஒருத்தியின் சபதத்தின்பொருட்டு. சிவகாமியும் அவள் தந்தை ஆயனரும் ஆசிரியர் கற்பனையிற் பிறந்தோர். பழிக்குப் பழி என்பது கதைக்கு உயிராகலின், அப்பழி தீர்ந்தவழி எழும் வெறுப்பே பரஞ்சோதியின் துறவுக்கு வித்தாகின்றது. பிணக்குவியலும் நெருப்பும் கண்டு உளங்கசந்து வாளை நீக்குகின்றான்.

சேக்கிழார் கூறும் முறை வேறு. நாயனார் வாளை வெறுத்தாரென்று அவர் யாண்டும் கூறிற்றிலர். வெற்றிப்பொருளையும் களிறுகளையும் கண்டு அரசன் வியந்தபோது, இவர் சிவனடியார் என்பதை அமைச்சர் உணர்த்துகின்றனர். உடனே நடுங்குபவன் அரசன். அடியார் ஒருவரை வெம்போர் முனையில் விடுத்தேனே என்று வருந்திப் பிழைபொறுக்க வேண்டி, பொருள் நல்கி விடையளிக்கின்றான். படைத்தலைவர் முன் முடிமன்னன் இறைஞ்சும் இவ்விடமே போர்ப்பகுதியின் உயிர்நிலை. கதையிலோ மாமல்லனும் பரஞ்சோதியும் உயிர்த்தோழர். நாவுக்கரசர் மடத்தை நாடி வந்தவன் என்பதும் மறைபொருளன்று. அறிந்ததை மீட்டும் அறிந்து நடுங்குதல் எங்ஙனம்? தோழமைச்சுவை மிகுந்தது, அடியார்பெருமை புலப்பட இருந்த வாயில் அடைபட்டது. இந்நூலில் நேர்ந்த இழப்புக்களுட் பெரிது இதுவே. வெறும் பெயர்மாற்றமாயின் பொறுத்துவிடலாம்.

மற்றொன்று. புராணத்திற் போர் முன்னுரை மாத்திரையே. திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடத்தி, வைரவ வேடத்தடியார்க்குச் சீராளரை அரிந்தமுதாக்கிய செயலே பெருநிலம் கொண்டது. நகரொன்றை அழித்த கை தன் மகவின்மேல் நடுங்காது செல்லும் அந்நிலையைப் போர்க்களத்துக் கசப்பினின்றும் வருவித்தல் இயலாது. கதை அதற்கு முன்னரே நின்றுவிடுகின்றது. சாகசக்கதை எழுதுவோர் அவ்விடத்தில் நின்றது அறிவுடைமையே எனலாம்.

வாதாபியினின்றும் விநாயகரை நாயனார் கொணர்ந்தார் என்பது வழிவழிக் கேள்வி. கதையாசிரியர் அதனை அழகுறப் பயன்கொண்டார். சேக்கிழார் திருவாக்கில் அச்செய்தி இல்லை. கதையைப் படித்து அதனைப் புராணத்தில் தேடுவோர் இதனை அறிந்துகொள்க.