இழுத்துச் செல்லும் கப்பல் அறை

டியர்டிராப் டிரெய்லருக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. படுக்கலாம், தலையணையில் சாய்ந்து உட்காரலாம், பக்கக் கதவைத் திறந்து கால்களை வெளியே தொங்கப்போடலாம். சமையல் எல்லாம் வெளியேதான். பின்பக்கத்து மூடியை மேலே தூக்கினால் அடுப்பும் மேடையும் அலமாரியும் இருக்கும். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து ஒடுங்கும் இந்த வண்டி 1930களில் அமெரிக்காவில் பரவியது. பணத்தட்டுப்பாடான அந்தக் காலத்தில் பலர் தாங்களே செய்துகொண்டார்கள். 1947இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் இருவர் படுக்கும் டிரெய்லருக்கான வரைபடத்தை வெளியிட்டது. பழைய வடிவத்தை விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடி எடுத்துப் பலகை அறுக்கிறார்கள்.

ஆரிகன் மாநிலத்தில், எங்கள் வீட்டு கராஜில் நானும் நண்பர் ஒருவரும் கட்டிய டியர்டிராப் இப்போது வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டது. அதன் உட்புறம் ஒரு கப்பல் அறை.

டியர்டிராப் கட்டுகிறவர்களுக்கு உள்ளே ஒரு தனி உலகத்தை அமைத்துப் பார்க்கும் ஆசை உண்டு. 1950களின் அமெரிக்கச் சிற்றுண்டிக் கடை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், பசிபிக் தீவுகளின் மூங்கிலும் பாயும், நீராவிக் காலத்துப் பித்தளைச் சக்கரங்கள் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகுதான். ஆனால் பெரும்பாலும் அது சுவரின் மேல் ஒட்டிய அழகு. எடையைக் கூட்டும், இடத்தைத் தின்னும், மேடுபள்ளத்தில் கழன்று விழும். கப்பல் அறை அப்படியல்ல. ஓயாத ஆட்டம், விடாத ஈரம், போதாத இடம் என்று டிரெய்லருக்கு உள்ள மூன்று தொல்லைகளும் கப்பலுக்கும் உண்டு. கப்பல் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றுக்கு வழி கண்டு வைத்திருக்கிறார்கள். அந்த வழிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும், கப்பலின் தோற்றம் தானாக வந்து சேர்கிறது.

எங்களுக்கு முன்மாதிரி, கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய அஸ்டோரியா ஊரில் இருக்கும் ‘கொலம்பியா’ என்ற விளக்குக் கப்பல். 1950இல் கட்டப்பட்ட அது, 1979 வரை ஆற்று வாய்க்கு வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்று மற்றக் கப்பல்களுக்கு வழிகாட்டியது. இப்போது அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்கள் வரைபடம் உறுதியானது.

அடிப்பகுதி, துண்டுகளாக வாங்கி நாமே முடுக்கிக்கொள்ளும் 5 அடி அகல, 8 அடி நீள இரும்புச் சட்டம். சுவர் மூன்று அடுக்கு. உள்ளே கால் அங்குலப் பிளைவுட், நடுவில் முக்கால் அங்குல மரச்சட்டமும் அதன் இடைவெளிகளில் அதே கனத்தில் நுரைப் பலகையும், வெளியே மறுபடி கால் அங்குலப் பிளைவுட். முக்கால் அங்குலப் பலகையை முழுசாகப் போடுவதைவிட எடை குறைவு, குளிரும் தாங்கும். உள்கூரைக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல பால்டிக் பிர்ச் பிளைவுட். அது 5 அடிக்கு 5 அடியாக வருவதால் குறுக்கே ஒட்டு இல்லாமல் பொருந்தியது. முன்வளைவில் ஈரத்துணி போர்த்தி ஊறவிட்டு மெல்ல வளைத்தோம். வெளித்தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அதைப் பலகையோடு பசை போட்டு ஒட்டக் கூடாது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் உலோகம் இறுகிப் பிடிக்கப்பட்டால் அலையலையாக உப்பிக்கொள்ளும். விளிம்புப் பட்டைகளே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பட்டைகளுக்கு அடியில் பியூட்டைல் நாடா தண்ணீரைத் தடுக்கிறது.

உள்ளே வந்தால், வெள்ளை பெயின்ட் அடித்த பலகைகளும் வார்னிஷ் போட்ட மஹோகனி ஓரங்களும். அமெரிக்கப் படகுக்காரர்கள் இதை ஹெரஷாஃப் பாணி என்பார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டலில் பந்தயப் பாய்மரக் கப்பல்கள் கட்டிப் புகழ்பெற்ற நதானியேல் ஹெரஷாஃபின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. நாலு பக்கமும் வார்னிஷ் மரமாகவே இருந்தால் இவ்வளவு சின்ன இடத்தில் மூச்சு முட்டும். வெள்ளை, கூரையை அரை அடி உயர்த்திக் காட்டுகிறது. ராத்திரி ஒரே ஒரு சின்ன விளக்கு முழு அறைக்கும் போதுகிறது.

அலமாரித் தட்டுகளின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மரத் தடுப்பு ஓடுகிறது. மூலைகளில் மட்டும் இடைவெளி விட்டிருக்கிறோம், தூசியையும் மணலையும் அந்த வழியாகத் துடைத்துத் தள்ளலாம். படகுகளில் இப்படித்தான் செய்வார்கள். கடற்கரைக்குப் போய் வந்தபோது அதன் அருமை தெரிந்தது. கதவுகளுக்கும் இழுப்பறைகளுக்கும் பொத்தான் தாழ்ப்பாள். அழுத்தினால் குமிழ் வெளியே வந்து கைப்பிடியாகிறது, மறுபடி அழுத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறது. காஸ்கேட் மலைச்சாலைகளில் நாள் முழுக்க வளைந்து வந்த பிறகும் ஒரு கரண்டிகூட இடம் மாறியிருக்காது. துணிமணிகளுக்கு அலமாரி செய்யாமல் கால்மாட்டில் பருத்தி வலை கட்டினோம். அதில் எடையும் இல்லை, ஈரத்துணியும் காற்றோட்டமாகக் கிடக்கும்.

அழகுக்காகவே வைத்தவை இரண்டு. ஒன்று, படகு அறைகளின் தரையில் தேக்குப் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய வெளிறிய மரக்கோடுகள் ஓடுமே, அந்த வேலைப்பாடு. மெத்தை மூடிவிடும் தரையில் அதைப் போடுவது வீண் என்று, மடக்கு மேசையின் மேற்பலகையில் போட்டோம். இன்னொன்று வட்டச் சன்னல்கள். பழைய கப்பல்களில் கழற்றிய வெண்கலச் சன்னல்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆசை விடவில்லைதான், ஆனாலும் ஒவ்வொன்றும் பல கிலோ கனம். சுவரின் மேல்பாதியில் அத்தனை பாரம் ஏற்றக் கூடாது. திறந்து மூடும் இலேசான அலுமினியச் சன்னலைக் கதவுக்கு ஒன்றாகப் போட்டோம்.

திறந்து மூடுவது ஏன் முக்கியம் என்பதை கேப் லுக்அவுட் மாநிலப் பூங்காவில் கொட்டிய மழை காட்டிவிட்டது. இருவர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் முத்து முத்தாகப் படியும். இரண்டு சன்னல்களையும் ஒரு விரல் அளவு திறந்துவைத்து, கூரையில் உள்ள 14 அங்குல மின்விசிறியை மெதுவாக வெளிப்பக்கம் ஓடவிட்டால் விடியும்போது போர்வை உலர்ந்தே இருக்கிறது. விசிறியை நிறுத்திவிட்டால் சன்னல் விளிம்பில் தண்ணீர் நிற்கிறது. விசிறிக்கும் விளக்குக்கும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, கூடவே 100 வாட் சூரியத் தகடு. மேகம் மூடிய ஓரிரு நாட்களையும் சமாளிக்கிறது. கப்பல் அறை என்றதும் எண்ணெய் விளக்கு தொங்கவிடத் தோன்றும். இந்தப் பெட்டிக்குள் எந்தத் தீயும் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயம் மாட்டுங்கள்.

குறை பின்பக்கத்தில்தான். சமையல் மூடியின் கீல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் நீள அலுமினியப் பட்டை. அது ஒழுகவில்லை. ஆனால் கடற்காற்றில் மழை பக்கவாட்டாக அடிக்கும்போது, மூடியைத் தூக்கிச் சமைக்கிறவர் நனையாமல் இருக்க முடியாது. பக்கங்களில் தார்ப்பாய் கட்ட வளையங்கள் வைத்தே ஆக வேண்டும். டியர்டிராப் என்ற வடிவத்தோடு வரும் குறை இது. கடையில் வாங்கினாலும் இருக்கும்.

சாமான், தண்ணீரோடு மொத்த எடை சுமார் 560 கிலோ. லாரிகள் நிறுத்தும் இடத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தது. இழுவைக் கொக்கியில் அமரும் பாரம் 68 கிலோ, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. 10 முதல் 15 வரை இருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியையும் அடுப்பையும் பின்னால் வைக்கும் இந்த அமைப்பில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் பேட்டரியை முன்மூக்கில் வைத்தோம். இழுப்பது சுபாரு அவுட்பேக், அதன் இழுவை வரம்பில் பாதிக்கும் குறைவுதான் இந்த எடை. ஏற்றத்திலும் கார் திணறவில்லை. எரிபொருள் செலவு மட்டும் கூடுகிறது, எதிர்காற்றில் இன்னும் கூடுகிறது.

பொருட்களுக்கு மட்டும் 5,000 டாலரை ஒட்டி ஆனது. வார இறுதிகளை விழுங்கிய உழைப்புக்குக் கணக்கில்லை. அந்த உழைப்பே பிடிக்கும் என்பவர் கட்டுங்கள். அடுத்த கோடைக்குள் வண்டி வேண்டும் என்பவர் வாங்கிவிடுங்கள். நாலைந்து நாள் விடாமல் மழை பெய்யும் பயணங்களுக்கும், இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கட்டுவது என்று முடிவுசெய்தால், வீட்டில் செய்த டிரெய்லரைப் பதிவுசெய்ய உங்கள் மாநிலம் என்னென்ன கேட்கிறது என்று முதலிலேயே விசாரித்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பலகை வாங்குவதற்கு முன் கராஜ் தரையில் நாடா ஒட்டி உள்ளளவைக் குறித்து, கூட வரப்போகிறவரோடு அதற்குள் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். புரண்டு படுக்க இடம் போதாவிட்டால் அகலத்தை அப்போதே கூட்டிக்கொள்ளலாம்.