பாதகமான தகவல் இல்லை

குடும்ப விசாவுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று விளக்கும் பதிவுகளும் வீடியோக்களும் தமிழில் நிறைய இருக்கின்றன. எந்தத் தளத்தில் பதிவது, 500 ரூபாயை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அவற்றிலேயே கிடைச்சிரும். இங்கே செய்யப்போவது வேறு வேலை. அந்தச் சான்றிதழையே ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். அது எந்தக் கேள்விக்கான பதில்? அந்தப் பதில் கேள்விக்குப் பொருந்துகிறதா?

முதலில் கேள்வி. அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்கும் 16 வயது நிரம்பிய எல்லோரும் போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். சொந்த நாட்டில் 6 மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் அங்கிருந்து ஒன்று. வேறு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று. எங்காவது கைது செய்யப்பட்டிருந்தால், எத்தனை நாள் வசித்தார் என்ற கணக்கே கிடையாது, அந்த இடத்துச் சான்றிதழும் வேண்டும். வடகரை, கடையநல்லூர் பக்கம் வளைகுடா போகாத ஆள் இருக்கும் தெரு குறைவு. ஒரு சபராளிக்கு மூன்று நாட்டுச் சான்றிதழ்கூடத் தேவைப்படலாம். ஆக, கேட்பவர்களுக்கு வேண்டியது தகவல். கைது உண்டா, வழக்கு உண்டா, முடிவு என்ன? 'உண்டு' என்ற பதில் வந்தால் உடனே கதவை அடைத்துவிட மாட்டார்கள். நீதிமன்ற ஆவணங்களைக் கேட்பார்கள். அந்தக் குற்றம் தங்கள் சட்டப்படி தடையா என்று தாங்களே முடிவு செய்வார்கள். அந்தச் சட்டத்தில் முழுக்க அரசியல் சார்ந்த குற்றங்களுக்கு விலக்கும் இருக்கிறது.

இப்போது பதில். வெளிநாட்டு விசாவுக்கு நம் ஊர் ஸ்டேஷனோ மாநிலக் காவல்துறையின் இணையதளமோ தரும் சரிபார்ப்புச் சான்று செல்லாது. பாஸ்போர்ட் அலுவலகம்தான் தர வேண்டும். தென்காசி மாவட்டத்துக்கு அது மதுரை மண்டல அலுவலகம். நேரில் போவது பெரும்பாலும் திருநெல்வேலி சேவா கேந்திரத்துக்கு. 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலைய சேவா கேந்திரங்களிலும் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து விவரம் மாவட்டக் காவல்துறைக்குப் போய், உள்ளூர் ஸ்டேஷனில் விசாரித்து, அறிக்கை திரும்பி வரும். கடைசியில் கையில் கிடைக்கும் தாளில் உள்ளது, சுருக்கமாகச் சொன்னால், ஒரே வாக்கியம்: இவருக்கு விசா உள்ளிட்ட பயண வசதிகள் கிடைப்பதைத் தடுக்கும் அளவுக்குப் பாதகமான தகவல் எதுவும் இல்லை.

இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிச்சுப் பாருங்க. கேள்வி 'என்ன பதிவு இருக்கிறது?' என்பது. பதிலோ 'பயணத்துக்குத் தகுதியானவர்' என்கிறது. தகவல் கேட்டவருக்குத் தீர்ப்பு போகிறது. அதிலும் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் இந்தப் படிவத்தால் சொல்ல முடியும். பாதகமான தகவல் இருந்தால் என்ன வழக்கு, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத அதில் இடமே இல்லை. தாளே வராது, அவ்வளவுதான்.

மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய வியாதி. டேட்டாபேஸில் 'இல்லை' என்ற பதிலும் 'தெரியாது' என்ற நிலையும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் தப்பாகும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பதிவுச் சோதனை கைரேகையை வைத்து நடப்பது. நம் சான்றிதழுக்கு ஆதாரம் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. சாகுல் ஹமீது என்ற பெயரில் நம் ஊர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தவர் வழக்கு இவர் தலையில் விழவும் வாய்ப்புண்டு. வேறு ஊரில் உள்ள இவர் வழக்கு கண்ணில் படாமல் போகவும் வாய்ப்புண்டு. 'எங்கள் ஸ்டேஷனில் கிடைக்கவில்லை' என்பதுதான் உண்மையான பதில். தாளில் அது 'பாதகம் இல்லை' என்று மாறிவிடுகிறது.

சரி, இதனால் யாருக்கு நஷ்டம்? 2021 பிப்ரவரி 19 அன்று கடையநல்லூர் பிரச்சாரத்தில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு செய்தார். கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளில் பெரும்பாலானவையும், குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்டங்களில் போடப்பட்ட சுமார் 1,500 வழக்குகளில் வன்முறை சாராதவையும் வாபஸ் ஆகும் என்றார். 10 லட்சம் என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காய்கறி வாங்க பைக்கில் போனவரும் இந்தக் கணக்கில் இருக்கலாம்.

தூத்துக்குடியில் இது இன்னும் அப்பட்டம். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2021 மே மாதம் இடைக்கால அறிக்கை தந்தது. அதையடுத்து அரசு பெரும்பாலான வழக்குகளை வாபஸ் பெற்றது. கைதானவர்களின் மேல்படிப்புக்கும் வேலைக்கும் உதவத் தடையில்லாச் சான்று தரப்படும் என்றும் அறிவித்தது. ஒரு சான்றிதழ் தடுக்கும் என்று தெரிந்து இன்னொரு சான்றிதழ்! ஸ்டேஷன் பதிவேடு மனுஷனின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு அரசே கொடுத்த ஒப்புதல் இது. கூடங்குளம் போராட்ட வழக்குகளை வாபஸ் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொன்னது. 2021 ஜூனில் புதிய அரசு அறிவித்த 5,570 வழக்குகளின் வாபஸ் பட்டியலிலும் கூடங்குளம் இடம்பெற்றது. இடையில் 8 வருஷம்.

அறிவிப்பு வந்ததும் வழக்கு மறைந்துவிடாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கை வாபஸ் வாங்க, அரசு வழக்கறிஞர் மனு போட்டு நீதிமன்றத்தின் சம்மதம் பெற வேண்டும். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு; இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 360. மேடையில் சொன்னது ஸ்டேஷன் ரைட்டரின் பதிவேட்டுக்கு வந்து சேரும்வரை, அந்த ஆள் காகிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

இதை விசா வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் கனம் புரியும். அமெரிக்கக் குடிமக்களின் சகோதர சகோதரிகளுக்கான எஃப்4 பிரிவில் வருஷத்துக்கு 65,000 விசா. 2024 முடியும்போதும் இந்தியர்களுக்கான வரிசை 2006-இல் மனு போட்டவர்களைத் தாண்டவில்லை. 18 வருஷம் காத்திருந்து முறை வரும்போது, அமெரிக்கச் சட்டப்படி ஒருவேளை தடையே ஆகாத ஒரு சட்டவிரோதக் கூட்ட வழக்குக்காக, உள்ளூர்த் தாள் வராமல் நிற்கலாம்.

சட்டம் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறதா? இல்லை. பாஸ்போர்ட்டை மறுக்கப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு சொல்லும் காரணம், குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள நடவடிக்கை. வெறும் எஃப்.ஐ.ஆர். அதில் சேராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகத்தின் 2019 அக்டோபர் 10 குறிப்பாணை தெளிவாக்கியது. வழக்கு நடந்தாலும் நீதிமன்ற அனுமதியோடு போக 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை வழி விடுகிறது. கனடா விசாவுக்காகச் சான்றிதழ் கேட்ட ஒருவரின் வழக்கில், எஃப்.ஐ.ஆர். இருப்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது, அந்த விவரத்தைக் குறிப்பிட்டே சான்றிதழ் கொடுக்கலாம் என்ற நிலையை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் எடுத்தது.

என் வாதமும் அதுதான். சான்றிதழில் மூன்று கட்டம் போதும். எந்தப் பதிவேடுகளைத் தேடினோம், என்ன கிடைத்தது, கிடைத்த வழக்கு இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது. 'அப்படிச் செய்தால் குற்றவாளிகள் தப்பி ஓடிருவாங்களே' என்று கேட்கலாம். ஓடுபவரைத் தடுக்க நீதிமன்றமும் விமான நிலையத் தேடுதல் அறிவிப்பும் இருக்கின்றன. அந்த வேலையைச் சான்றிதழிடம் கொடுத்தால், அது சான்றிதழாக இருப்பதை விட்டுவிடும்.

படிவம் மாறும்வரை ஒரு காரியம் செய்யலாம். போராட்ட வழக்கோ ஊரடங்கு வழக்கோ பெயரில் இருந்து, 'அதெல்லாம் வாபஸ் ஆயிட்டு' என்று யாராவது சொன்னால், நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்த வழக்கென்றால், நடவடிக்கை கைவிடப்பட்டதற்கான எழுத்துபூர்வமான பதிலைக் கேளுங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஓடுவதைவிட இப்போதே வாங்குவது நல்லது. சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அந்த நகல் அதன் பிறகும் கையில் இருக்கும்.