சாலையைச் சோதித்த இரண்டு ஆய்வுகள்

ஒரு சாலை எத்தனை ஆண்டு உழைக்கும்? இக்கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவில் இரண்டு பேராய்வுகள் நடைபெற்றன. பாடநூல்கள் இரண்டையும் புகழ்கின்றன. அப்புகழ்ச்சி எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை மாணவர்களாகிய நீங்களும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. ஏனெனில் சாலைக்குச் செலவாகும் பணம் மக்களுடைய வரிப்பணம்.

முதல் ஆய்வு 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா நகருக்கருகே நடந்தது. அதற்கென்றே ஆறு வளையச் சாலைகள் போடப்பட்டன. வெவ்வேறு கனமுள்ள தார்த்தளங்களும் காங்கிரீட் தளங்களும் அவற்றில் அடுத்தடுத்து அமைந்தன. ஐந்து வளையங்களில் இராணுவ ஓட்டுநர்கள் இரவும் பகலும் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினர். ஒவ்வொரு தடத்திற்கும் இன்ன அச்சுச் சுமை என்று முன்கூட்டியே வகுத்திருந்தனர். ஆறாவது வளையத்தில் வண்டிகளை ஓடவிடவில்லை. வெயிலும் பனியும் மட்டும் என்ன செய்கின்றன என்று அறிய அது தனியே விடப்பட்டது. நல்ல சோதனைக்கு இதுவே இலக்கணம். மொத்தச் செலவு 2 கோடியே 70 லட்சம் டாலர்.

இதிலிருந்து பிறந்ததே புகழ்பெற்ற நான்காம் அடுக்கு விதி. அச்சின் சுமை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. சாலையைத் தேய்ப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் பளுவே என்பதை எண்களால் காட்டியது இவ்வாய்வின் தலையாய சிறப்பு.

ஆனால் இவ்விதியை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? 8 டன் லாரி அச்சு ஒன்று, அரை டன் கார் அச்சைப்போல் 65,536 மடங்கு சேதம் செய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். 16ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் அந்த எண் வரும், பிழையில்லை. எனினும் ஒட்டாவாவில் ஓடிய மிக இலேசான அச்சே 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 0.9 டன். அரை டன் அச்சு அங்கே ஓடவே இல்லை. ஆகவே அந்த எண் சூத்திரம் தந்த விடையே தவிர, சோதனை தந்த விடை அன்று. அளந்ததையும் ஊகித்ததையும் பிரித்தறிவது அறிவியலின் முதற்பாடம் அல்லவா?

இதைவிடப் பெரிய குறை காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு தடத்திலும் சுமார் 11 லட்சத்து 14 ஆயிரம் அச்சுகள் ஏறி இறங்கின. அவ்வளவும் இரண்டே ஆண்டுகளில்! சுமையை இப்படி நெருக்கிவிடலாம்; காலத்தை நெருக்க இயலாது. தார் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் இறுகி, நொறுங்கும் தன்மை அடைகிறது. இரண்டாண்டுச் சோதனையில் இது முழுமையாக வெளிப்படாது. மேலும் அங்கிருந்தது ஒரே வகைக் களிமண், ஒரே தட்பவெப்பம். உறைபனி உருகி மண் நெகிழும் வசந்த காலத்தில்தான் பல தளங்கள் உடைந்தன. இத்தகைய சோதனையின் சூத்திரங்களைக் கொண்டு, கோடிக்கணக்கான அச்சுகளைத் தாங்கவேண்டிய சாலைகளைப் பல பத்தாண்டுகள் வடிவமைத்து வந்தார்கள்.

இக்குறையைத் தீர்க்க 1987இல் தொடங்கியதே நெடுங்காலச் சாலைத்தள ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 2,500 சாலைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் பொதுவாக 152 மீட்டர் நீளம். இங்கே வாடகை லாரியும் இல்லை, வளையமும் இல்லை. அன்றாடப் போக்குவரத்தே சோதனையாயிற்று. விரிசல், சக்கரத்தடப் பள்ளம், மேடுபள்ளம் ஆகியவற்றை ஒரே முறைப்படி அளந்தனர். எடை ஒன்றைத் தளத்தின்மீது விழச்செய்து, தளம் எவ்வளவு அமிழ்கிறது என்றும் கண்டனர். இருபது ஆண்டுத் திட்டமாகத் தொடங்கிய பணி அதன்பின்னும் தொடர்ந்தது.

பழுதுபார்க்கும் முறைகளையும் இவ்வாய்வு சோதித்தது. பழைய தார்ச்சாலைகளின்மேல் 2 அங்குலம், 5 அங்குலம் எனப் புதுத்தளம் இட்டனர். சில இடங்களில் பழைய தளத்தைச் சுரண்டியபின் இட்டனர். சில இடங்களில் சுரண்டாமலே இட்டனர். சுரண்டி எடுத்த பழங்கலவையை 30 விழுக்காடு சேர்த்தும் பார்த்தனர். அது பல அளவைகளில் புதுக் கலவைக்கு ஈடாக உழைத்தது. பழந்தாரைக் குப்பையென எறிவோர்க்கு இது நல்ல பதில்.

குறைகளும் உண்டு. துண்டுகளில் பல, ஆய்வுக்கு முன்பே போடப்பட்ட சாலைகள். அவற்றின்மேல் முன்பு ஓடிய சுமையைப் பெரிதும் மதிப்பிட்டே எழுத வேண்டியிருந்தது. அன்றியும், முன்னரே உடைந்து மறைந்த சாலைகள் இத்தகைய தேர்வில் இடம்பெறா. பிழைத்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டு நோயின் கடுமையைக் கணிப்பது போன்றது இது.

இவற்றால் நமக்கென்ன என்கிறீர்களா? இந்தியச் சாலை வடிவமைப்பிலும் 8.16 டன் அச்சே அளவுகோல். அது ஒட்டாவாச் சோதனைவழி வந்த 18,000 பவுண்டுதான். 2018இல் நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சுமையில் உயர்வு 13 விழுக்காடுகூட இல்லை. நான்காம் அடுக்கு விதிப்படி ஓர் அச்சின் சேதமோ 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. ஆனால் ஒட்டாவாவின் களிமண் நம் கரிசல் அன்று; அங்கே நம் பருவமழையும் இல்லை.

முதல் ஆய்வு நமக்குச் சூத்திரம் தந்தது. இரண்டாவது, பொறுமையாகப் பதிவு செய்யும் முறையைத் தந்தது. சூத்திரத்தை இரவல் வாங்கலாம். நம் மண்ணின் பதிவேட்டை நாமே எழுதவேண்டும்.