நெஞ்சை இளக்கிய மடல்

போர்வீரனின் நெஞ்சை இளக்கும் பாட்டு அவன் கையையும் தளர்த்திவிடுமா? இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 நவம்பரில், பி.பி.சி. தொடங்கிய ‘சின்சியர்லி யுவர்ஸ்’ நிகழ்ச்சி இவ்வினாவை எழுப்பிற்று. பாடியவர் வேரா லின். அப்போது அவருக்கு வயது 24.

தொலைவிலுள்ள வீரர்க்கு எழுதும் மடல்போல் அந்நிகழ்ச்சி அமைந்தது. இவ்வுருக்கம் படையின் உறுதிக்குக் கேடு என முறையிட்டவர் உண்டு. 1942-இல் பி.பி.சி.யே மிகையுணர்ச்சிப் பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

குறை கூறியோர் பக்கம் ஓரளவு நியாயம் உண்டென்போம். ஆனால் அவர்கள் காட்டிய காரணத்தால் அன்று. ‘மீண்டும் சந்திப்போம்’ என்னும் அவரது புகழ்மிக்க பாடல், மனிதர் எவரும் தர இயலாத உறுதியைத் தருகிறது. கணவனைப் போரில் இழந்தவள் அதை எங்ஙனம் கேட்டிருப்பாள்? துக்க வீட்டில் அத்தகைய சொல்லைச் சொல்ல நாம் தயங்குவோம்.

நிகழ்ச்சியின் உயிர் வேறிடத்தில் இருந்தது. வேரா லின் மகப்பேற்று மனைகளுக்கு மலர்களுடன் சென்றார். தாயையும் சேயையும் கண்டார். குழந்தை பிறந்த செய்தியை, எங்கோ பாசறையில் இருந்த தந்தைக்கு வானொலி வழியே அறிவித்தார். இதில் மிகையுணர்ச்சி ஏது? நேரில் கண்டுவந்து கூறிய சிறு உண்மை அது. பாட்டு கொடுத்த வாக்கினும் இச்செய்தியே மேலான ஆறுதல் என்பது நம் கணிப்பு.

1944-இல் அவர் பர்மாப் போர்முனைக்கே சென்று பாடினார். குரல் ஊனுடல் எடுத்தது எனச் சொல்லத் தோன்றுகிறது. அங்குப் போரிட்ட பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்திய வீரர். வானொலியில் ஒலித்த அந்த ஆங்கில மடல் அவர்களுக்கு எழுதப்பட்டதன்று.