ஆணி அடிக்காத சுவர்

வாடகை வீட்டை அழகாக்கப் பெண்கள் பத்திரிகைகள் தரும் குறிப்புகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். பழைய பட்டுச்சேலையில் திரைச்சீலை, உடைந்த குடத்தில் மணிபிளான்ட், ஆணி அடிக்காமல் படம் மாட்டும் வழி. எல்லாம் பெண்ணைப் பார்த்தே பேசுகின்றன. அந்த வீட்டின் 11 மாத ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கணவன் பெயர்தான் இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் குறிப்பும் வாய் திறப்பதில்லை.

இந்தக் குரல் புதிதல்ல. கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ்பவளே வாழ்க்கைத்துணை என்கிறது 51ஆம் குறள். வருவாய் அவனுடையது; அதற்குள் குடும்பத்தை அடக்குவது அவள் பொறுப்பு. வாடகை ஏறிச் செலவு மிஞ்சினால், சம்பளம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அவளுக்குச் 'சாமர்த்தியம்' போதவில்லை என்கிறார்கள்.

பெண் எழுத வேண்டுமென்றால் ஆண்டுக்கு 500 பவுண்டும் பூட்டுள்ள ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதினார் வர்ஜீனியா வுல்ஃப். என் அம்மாவிடம் இருந்தது கடுகு டப்பாவில் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணம். அதைச் சிக்கனம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். தான் மிச்சம் பிடித்த காசை அவர் ஏன் ஒளிக்க வேண்டியிருந்தது என்று நானும் அப்போது கேட்கவில்லை.

அடுத்த முறை சிக்கனக் குறிப்பு வாசிக்கும்போது அதன் ஓரத்தில் எழுதிவையுங்கள்: மிச்சமான பணம் யார் பெயரில் இருக்கிறது?