மலைக்கு முந்தின நாள் பை

சதுரகிரிக்குப் போய்வந்தவர்கள் மலையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டும் பைதான் அழகு. மதுரை வீடுகளில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பலமுறை ஏறி இறங்கிய சித்தப்பாவோ அத்தையோ. அந்தக் கையைப் பார்க்க வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலை கரும்பச்சையாகித் துணிபோல மடங்கும். நல்லெண்ணெய் மினுங்கும் புளிச்சோற்றை நன்றாக ஆறவிட்டுத்தான் அதில் வைப்பார்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்துக் கெட்டுவிடும். எவர்சில்வர் பாட்டிலை மூடித் தலைகீழாகப் பிடித்து, சொட்டு விழுகிறதா என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள். டார்ச்சை டக் டக்கென்று போட்டு அணைப்பார்கள். செருப்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தை விரலால் வருடுவார்கள். வழுக்குப்பாறையை அறிந்த விரல் அது. அவசரமே இருக்காது, பேச்சும் இருக்காது.

கடைசியாக மொட்டைமாடிக்குப் போய்த் தென்மேற்கே வானத்தைப் பார்ப்பது. ஆக நுட்பமான வேலை இதுதான் என்பேன். தாணிப்பாறையிலிருந்து ஏறும் பாதை மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை ஓடை எல்லாவற்றையும் தாண்டித்தான் போகிறது. உச்சியில் மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே ஓடையில் வெள்ளம் இறங்கிவிடும். பலத்த மழை என்றால் வனத்துறை ஏறவிடாது. (தடுப்பவர்களிடம் சண்டை போடுகிறவர்கள் பை கட்டத் தெரியாதவர்கள் என்பது என் கட்சி.) மலை கறுத்திருந்தால் அடிவாரத்திலேயே புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, வத்திராயிருப்புக்கு பஸ் ஏறிவிடுங்கள்.