மோடத்துக்கு வாய் வேண்டும்

ஐம்பத்தாறு கே என்று அட்டைப்பெட்டியின் மீது கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டியதில்லை. அந்த வேகம் நம் வீட்டை நோக்கி வரும் திசையில் மட்டுமே, அதுவும் பல நிபந்தனைகளின் பேரில், சித்திக்கக்கூடியதென்பதும், மறுதிசையில் 33.6-க்கு மேல் ஏறாதென்பதும் யாவரும் அறிந்தவையே. கேரளத்தின் பள்ளிவாசல் என்னும் ஊரில், தேயிலைச் சரிவுகளின் மேலே கம்பத்துக்குக் கம்பம் தாவிவரும் செப்புக் கம்பியின் நுனியில், விண்டோஸ் 98 ஓடும் பழைய கம்ப்யூட்டரோடு இந்த வெளி மோடத்தை ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்துப் பழகியதில், இதன் பிரதான குணமாக எனக்குத் தோன்றியது, இது வாய்விட்டுக் கத்துகிறது என்பதே.

இதற்கு முன் கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த மலிவான கார்டு, தன் உழைப்பில் பெரும்பகுதியைப் பிராசஸரின் தலையில் சுமத்திவிட்டு, தோற்றபோதெல்லாம் 680 என்றோ 678 என்றோ ஓர் எண்ணைத் திரையில் எழுதி மௌனம் சாதித்துவிடும். இந்தப் பெட்டியோ, டயல் டோன் கிடைத்ததா, எதிர்முனை எடுத்ததா, இரண்டும் வேகத்தைப் பேரம் பேசும் அந்த விசித்திரக் கூச்சல் எந்த இடத்தில் இடறியது என்பதையெல்லாம் ஸ்பீக்கர் வழியே ஒளிவுமறைவின்றி அறிவித்துவிடுவதால், நாடி பிடித்த வைத்தியரைப் போல நாமும் நோயின் மூலத்தை ஊகித்துவிடலாம்.

ஆடி மாதத்தில் கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கியதும், கூச்சலின் கடைசிப் பகுதி நின்று, மறுபடியும் ஆரம்பித்து, மறுபடியும் நிற்பதைக் கேட்டேன்: லைனில் இரைச்சல். கண்ட்ரோல் பேனலில் கூடுதல் கட்டளைக்கென்று உள்ள கட்டத்தில், வி.90-ஐ விலக்கி வி.34 முறைக்குக் கட்டுப்படுத்தும் வரியை எழுதியதும், வேகம் குறைந்ததே தவிர இணைப்பு அறுபடவில்லை. ஐந்து நிமிஷத்தில் செத்துப்போகும் 48-ஐ விட, ஒரு மணி நேரம் நிற்கும் 28 உத்தமமென்பது என் தீர்மானம். டயல் டோன் இருந்தும் இல்லை என்று சாதிக்கும் நாட்களில், அதற்காகக் காத்திருக்க வேண்டாமென்று சொல்லும் எக்ஸ்3 கட்டளை போதும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வகுத்த கட்டளை மரபு இன்றும் இப்படிச் சோறு போடுகிறது. டயல்-அப் அமைப்பில் டிசிபி/ஐபி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 'நெட்வொர்க்கில் லாக்-ஆன்' என்ற குறியை எடுத்துவிட்டால், பாஸ்வேர்டுக்குப் பிந்திய வீண் காத்திருப்பும் நீங்கும்.

கையேட்டின் மீது எனக்குக் கோபம் உண்டு. சத்தத்தை அடக்கும் எம்0 கட்டளையை முதல் பக்கத்திலேயே பெருமையாகப் போட்டுவிட்டு, மேற்சொன்ன பிரயோஜனமான கட்டளைகளையெல்லாம் பின்னிணைப்பில் எறும்பெழுத்தில் புதைத்திருக்கிறார்கள். இராத்திரி உறங்குபவர்களுக்கு இடைஞ்சல் என்பது நியாயந்தான், அதற்கு ஒலியைக் குறைத்தால் போதாதா?

அடாப்டரின் பருமனும் உபத்திரவமே. பக்கத்து பிளக் பாயிண்டையும் அது ஆக்கிரமித்துக்கொள்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய இந்த ஊரிலும் இடி முழங்கினால் விளக்கு அணைவதுண்டு; ஆகையால் மேகம் திரளும்போதே அடாப்டரை மட்டுமன்றி டெலிபோன் வயரையும் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.